எப்பக்கம் படித்தாலும் தாத்தா

நுகேகொடையில் எங்கள் அயல்வீட்டுச் சிங்களச் சிறுவன் தன் தந்தையைத் ‘தாத்தா!’ என்று அழைக்குந்தோறும், எங்கள் வீட்டுக் குழந்தை தன் பாட்டனார் வந்துவிட்டாரென்று வாயிலுக்கு ஓடும். சிங்களத்தில் அச்சொல்லுக்குத் தந்தை என்பது பொருள், தமிழிலோ பாட்டனார். இந்த ஒரு சொல்லை வைத்தே வீட்டிலுள்ள பழந்துணிகளைப் போர்வையாக்கினால் என்னவென்று எமக்கு ஓர் எண்ணம் உதித்தது.

தாத்தா என்பதைப் பின்னிருந்து படித்துப் பாருங்கள். தா, த், தா என்றே வரும். பாப்பாவும் அவ்வாறே. இதனை நம் முன்னோர் மாலைமாற்று என்றனர். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இம்முறையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் கூறும் சருப்பதோபத்திரமோ, சதுரங்கப் பலகை போன்ற 64 அறைகளில் எழுத்துக்களை நிறுத்தி, நாற்புறமும் படிக்கச் செய்வது. அறைகளுக்குப் பதிலாகத் துணித்துண்டுகளை வைத்தால் அதுவே போர்வையன்றோ!

அத்துணைப் புலமை நமக்கு வேண்டியதில்லை. ஒன்பது அறைகள் போதும். நான்கு மூலைகளிலும் ‘தா’, அவற்றினிடையே நான்கு ‘த்’, நடுவறை வெறுமை. எந்த ஓரத்தை எப்பக்கமிருந்து படித்தாலும் தாத்தாவே வருவார். இவ்வாறே பாப்பாவுக்கும் கட்டம் அமைக்கலாம். ஐந்து தாத்தாக் கட்டங்களையும் நான்கு பாப்பாக் கட்டங்களையும் மாறிமாறி இணைத்தால் மொத்தம் 81 துண்டுகள். ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், போர்வை 54 அங்குலச் சதுரமாக அமையும். எழுத்துக்களுக்குச் சங்கிலித் தையல் அழகு தரும். மெய்யெழுத்தின் புள்ளிக்குத் தாத்தாவின் பழைய சட்டைப் பொத்தானைத் தைக்கலாம். கைக்குழந்தைக்காயின் நூற்புள்ளியே நன்று.

பழந்துணிதானே என்று முகஞ் சுளிக்க வேண்டாம். வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓடுதையலிட்டுக் ‘காந்தா’ என்னும் விரிப்புக்களைச் செய்தனர். பச்சிளங் குழந்தைகளுக்கும் மணமக்களுக்கும் பரிசளித்தனர். நம்முடைய ‘கந்தை’ என்னும் சொல்லும் அதனோடு வேர் ஒன்றியதே. நாம் ஒதுக்கியதை அவர்கள் போற்றினர்.

இனி அந்த வெற்றறைகளுக்கு வருவோம். ஒன்பது கட்டங்களுக்கு ஒன்பது நடுவறைகள். அங்கே எழுத்து வேண்டாம். குடும்பத்தில் ஒன்பது பேருடைய துணித்துண்டுகளை வைக்கலாம். 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எத்தனையோ தமிழ் வீடுகள் சேலைப் பெட்டிகளோடு எரிந்தன. எங்கள் பெட்டியும் அவற்றுள் ஒன்று. ஆகவே உறவினரிடம் கேட்டுத் திரட்டினோம். பூட்டியின் கூறைச் சேலையில் ஒரு முனை, பெரிய மாமாவின் வேட்டிக் கரை என்று ஏழே கிடைத்தன. எஞ்சிய இரண்டு அறைகளிலும் வெறும் வெள்ளைத் துணியை வைத்துத் தைத்தோம்.

போர்வையை விரித்த அன்று, குழந்தை பட்டையும் பொத்தானையும் விட்டுவிட்டு அவ்வெள்ளை அறைகளிலேதான் விரல் வைத்தது.

“இது ஆர்?”

அம்மம்மா அதனைத் தம் மடியில் இருத்தி, சொல்லத் தொடங்கினார்.