எச்.எஃப். பிரஸ் சுட்டதென்றால் சீட்டில் அதையே எழுதச் சொல்லுங்கள்

மருத்துவமனைச் சீட்டில் ‘வெந்நீர் பட்ட காயம்’ என்று இருக்கிறது. ஆளிடம் கேட்டால், பிளைவுட்டை வளைத்து ஒட்டும் பட்டறையில் எச்.எஃப். (உயர் அதிர்வெண்) பிரஸ்ஸில் நின்றபோது பட்டது என்கிறார். பிறகு வெந்நீர் எங்கிருந்து வந்தது? “மேஸ்திரிதாங்க அப்படிச் சொல்லச் சொன்னாரு. தம்பி, வீட்டுல பட்டதுன்னு சொல்லிரு, செலவை முதலாளி பார்த்துக்குவாருன்னாரு.” முதலாளி பார்த்துக்கொண்ட செலவு இரண்டு முறை கட்டுக் கட்டியதோடு முடிந்திருக்கும். மூன்று மாதம் கழித்து விரல் மடங்க மறுக்கும், பிடிமானம் போயிருக்கும். இழப்பீடு கேட்டுப் போனால் அந்த ஒற்றை வரியைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். இதே மாதிரியான காகிதக் கட்டுகளோடு ஆட்கள் என்னிடம் வந்துகொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசை தடவி அடுக்கிய மரத் தகடுகளை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். அந்த உலோகத் தகடுகளுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம், பெரும்பாலும் 13.56 அல்லது 27.12 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கும். 27.12 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 2 கோடியே 71 லட்சம் தடவை. மரத்தின் ஈரமும் பசையும் உள்ளிருந்தே சூடேறுகின்றன. கிளாம்ப் போட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஒட்டு சில நிமிடங்களில் இறுகிவிடும். நாற்காலியின் வளைந்த முதுகு, கதவுச் சட்டம், துண்டு துண்டாகச் சேர்த்த பலகை எல்லாம் இப்படித்தான் ஒட்டப்படுகின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மர விமானப் பாகங்களை வேகமாக ஒட்டுவதற்காகவே இந்த முறை பெரிதாக வளர்ந்தது. நல்ல முறைதான். மனிதக் கையிலும் ஈரம் உண்டு என்பதுதான் ஆபத்து.

வீட்டு மின்சாரம் தொட்டால் உதறித் தள்ளும். அது நொடிக்கு 50 தடவை மாறுவது, நரம்பு அதை உணரும். எச்.எஃப். மின்சாரத்தின் வேகத்துக்கு நரம்பு பதில் சொல்வதில்லை. உதறல் இருக்காது, சூடு மட்டும் தெரியும். அதுவும் தசை வெந்த பிறகு தெரியலாம். தொட்ட இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான் கண்ணுக்குப் படும். ஆழம் மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வெளியே வரும். “ஷாக்கே அடிக்கலையே” என்று சொல்லி மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஷிஃப்ட்டுக்குப் போனவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பணி மருத்துவர் இந்த எந்திரத்தைப் பற்றிக் கேள்விப்படாதவராகவே இருக்கலாம். அதனால் நீங்களே சொல்லுங்கள்: “மர ஒட்டு எச்.எஃப். பிரஸ், உயர் அதிர்வெண் மின்சாரம், தகட்டைத் தொட்டதால் சுட்டது.” இந்த வார்த்தைகள் சீட்டில் ஏறவேண்டும்.

இந்த ஆபத்து நேற்று தெரியவந்தது இல்லை. இப்படி ரேடியோ அலையால் சூடேற்றும் எந்திரங்களைப் பற்றி அமெரிக்க அரசின் தொழில் சுகாதார அமைப்புகள் 1979 டிசம்பரிலேயே எச்சரிக்கை வெளியிட்டுவிட்டன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பசையிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் அதற்கு வரம்பு இருந்தது: எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவை எடுத்துப் பார்க்கும் கருவியோடு பட்டறைக்குள் நுழைந்த அதிகாரியைத் தொழிலாளிகள் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது என்றால் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போவதோடு சரி. பிரஸ்ஸுக்கு மேலேயே புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வேண்டும்.

பட்டறைகளில் நடக்கும் முதல் தவறு லிமிட் சுவிட்சில்தான். பிரஸ்ஸைச் சுற்றியிருக்கும் கம்பி வலைக் கூண்டின் கதவு திறந்தால் மின்சாரம் அறுந்துவிட வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சுவிட்ச். ஒவ்வொரு லோடுக்கும் கதவைத் திறந்து மூட நேரமாகிறது என்று அதைக் கம்பி போட்டுக் கட்டிவிடுகிறார்கள், இல்லையென்றால் ஜம்பர் கொடுத்துவிடுகிறார்கள். ஃபோர்மேன் கண் முன்னாலேயே நடக்கிறது. இதில் தொழிலாளிக்குத் தெரியாத ஒரு கண்ணி சட்டத்தில் இருக்கிறது. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி, பாதுகாப்புக்காக வைத்த சாதனம் என்று தெரிந்தே ஒருவர் அதை வேண்டுமென்று அகற்றினாலோ அலட்சியம் செய்தாலோ, உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ தவிர்ந்த காயங்களுக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. சுவிட்சைக் கட்டச் சொன்னவர் முதலாளியின் ஆள். கட்டிய கை உங்களுடையது. விசாரணையில் “அவராகவே கட்டினார்” என்று அவர்கள் சொல்வார்கள். கட்டாதீர்கள். வற்புறுத்தினால் “கதவுச் சுவிட்ச் வேலை செய்யவில்லை, சரிசெய்து தாருங்கள்” என்று ஃபோர்மேனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். தேதியோடு நிற்கும் அந்த ஒரு வரிதான் பிற்பாடு உங்கள் சாட்சி. திரும்பவும் சொல்கிறேன், சுவிட்சை நீங்கள் கட்டாதீர்கள்.

அடுத்தது எர்த்து. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்து, எர்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் பார்த்தது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான எர்த்து. 27.12 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கான ஏறக்குறைய 2.75 மீட்டர் நீளத்துக்கு உருண்டைக் கம்பியை எர்த்தாக இழுத்திருந்தால், அந்த அதிர்வெண்ணுக்கு அது எர்த்தே இல்லாததற்குச் சமம். பிரஸ்ஸின் உடம்பைத் தொட்டாலே சுடும். அகலமான செம்புப் பட்டையால், முடிந்தவரை குட்டையாக இணைக்க வேண்டும். எந்திரம் விற்றவர் இதைச் சொல்லியிருப்பார், அல்லது கையேட்டில் இருக்கும். பழைய எந்திரத்தைக் கையேடு இல்லாமல் வாங்கி ஓட்டும் இடங்களில்தான் காயம் அதிகம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தும் செய்யாதவை. மரத்தில் ஆணியோ ஸ்டேப்பிள் முள்ளோ இருந்தால் பொறி பறக்கும். ஈரம் கூடினாலும் அப்படியே, ஆகவே மாய்ஸ்சர் மீட்டர் வைத்துப் பார்க்காமல் லோடு ஏற்றக் கூடாது. சுற்றிக் கிடக்கும் மரத்தூளுக்கு அந்தப் பொறி போதும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தோடு அருகே போகாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் இன்சுலின் பம்பு போட்டவர்களும் இந்தப் பிரஸ் ஓடும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. தேநீர் கொண்டுவருபவரும் கணக்குப் பிள்ளையும் இதில் சேர்த்தி.

இனிக் காகிதம். விபத்து நடந்ததும் மேஸ்திரியிடமோ ஃபோர்மேனிடமோ வாயால் சொன்னாலும் அது அறிவிப்புதான். அதோடு விடாதீர்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் விபத்துப் புத்தகம் இருக்க வேண்டும், அது படிவம் 11. நீங்களோ உங்கள் சார்பில் வேறொருவரோ அதில் எழுதலாம். எழுதிய பக்கத்தை செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி 24 மணி நேரத்துக்குள் படிவம் 12-இல் விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று உங்கள் காப்பீட்டு எண்ணைச் சொல்லிக் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் எப்போது, எங்கே, எந்த எந்திரத்தில் என்று ஒரு தாளில் எழுதி அந்த அலுவலகத்திலேயே கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் இல்லாமல் திரும்பாதீர்கள். “வச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்” என்பது பதில் ஆகாது.

அரசு மருத்துவமனைக்குப் போனால் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், கேட்டு வாங்குங்கள். அதில் ‘எப்படிப் பட்டது’ என்ற வரியைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் படிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துப் போகட்டும். வடமாநிலத்திலிருந்து வந்து பிரஸ்ஸில் நிற்கும் இளைஞர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தனக்கு விளங்காத மொழியில் தன் கையைப் பற்றி யாரோ எழுதிய சீட்டில் அவர்கள் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள். முதலாளி உங்கள் பெயரைப் பதியாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான், அந்தத் தவறுக்கு அவர்தான் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே பட்ட காயத்துக்கும் பலன் உண்டு. ஓய்வில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், பிறகும் குறை நின்றால் மருத்துவக் குழு நிர்ணயிக்கும் விகிதத்தில் மாதாமாதம் பணம். குழுவின் முன் நிறுத்தச் சொல்லி நீங்களே விண்ணப்பிக்கலாம். அதை 12 மாதத்துக்குள் செய்யுங்கள்.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்கள் இழப்பீட்டுக்குத் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், இழப்பீட்டு ஆணையர் அவரே. 1923 சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம், கட்டைவிரலுக்கு 30. முப்பது வயது, மாதம் 15,000 ரூபாய் என்று கணக்குப் போட்டால், அந்த ஆள்காட்டி விரலுக்கு மட்டும் சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் வருகிறது. கட்டுத் துணிக்கும் மாத்திரைக்கும் கொடுத்த சில ஆயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதமும் உண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர் என்றாலும் பட்டறை முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

இரண்டு இடத்திலும் சேர்த்து வாங்க முடியாது. இ.எஸ்.ஐ. பொருந்தும் இடத்தில் 1923 சட்டக் கோரிக்கை செல்லாது. இந்த இடத்தில்தான் ஆட்களை அலையவிடுகிறார்கள். தொழிலாளர் அலுவலகம் இ.எஸ்.ஐ.க்குப் போகச் சொல்லும், இ.எஸ்.ஐ. அலுவலகம் பதிவு இல்லை என்று திருப்பிவிடும். எந்த அலுவலகம் மறுத்தாலும் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பட்டறையில் வேலை பார்த்ததற்குச் சம்பளம் வந்த கூகுள் பே பதிவு, வருகைப் பதிவின் படம், உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம் எல்லாம் ஆதாரமே.

எந்திரத்தின் குறைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கதவுச் சுவிட்ச், எர்த்துப் பட்டை, புகைக் குழாய் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ‘பாதுகாப்பு இல்லை’ என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது என்று 1948 சட்டத்தின் 118ஏ பிரிவு சொன்னது. தன் வேலையிலுள்ள ஆபத்தைப் பற்றி முதலாளியிடம் தகவல் கேட்கும் உரிமையைத் தொழிலாளிக்கு 111ஏ பிரிவு தந்தது. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. படிவ எண்ணும் பிரிவு எண்ணும் மாறலாம். “சட்டமே மாறிப்போச்சு, இனி ஒண்ணும் கிடைக்காது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏற்கெனவே ‘வெந்நீர்’ என்று எழுதவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரிடம், காயம் பட்ட விதம் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். அன்று ஷிஃப்ட்டில் இருந்த இரண்டு பேரின் வாக்குமூலம், காயத்தின் பழைய படங்கள், அன்றைக்கு மேஸ்திரியோடு பேசிய அழைப்பு விவரம், எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். தொலைபேசி எண் 15100. 1923 சட்டம் கோரிக்கைக்குக் கொடுத்த அவகாசம் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அதையே உங்கள் கடைசித் தேதியாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே மனுவைக் கொடுத்து சீல் வாங்கிவிடுங்கள்.