டர்போவை மாற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

நம் பகுதியில் பல குடும்பங்களுக்கு ஒரு பழைய டீசல் வண்டிதான் பிழைப்பு. காய்கறி லோடு அடிப்பவர்களும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர்களும், வாடகைக்கு ஓட்டுபவர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். வண்டி நீலப் புகை விட்டாலோ, ஏற்றத்தில் இழுக்காவிட்டாலோ, பட்டறையில் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது "டர்போ போயிடுச்சு" என்பதுதான். உடனே கையிருப்பு கரைகிறது, நகை அடகுக்குப் போகிறது, சிலர் வட்டிக்கும் வாங்கிவிடுகிறார்கள். சில வாரங்களில் அதே புகை திரும்பவும் வருகிறது.

நம் அறக்கட்டளை வண்டியிலும் இந்த அனுபவம் நமக்கு உண்டு. புதிய டர்போ போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள் மறுபடியும் புகை வந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் டர்போவுக்கு ஆயில் வரும் சிறு குழாயைக் கழற்றினார். உள்ளே கரி கட்டி, துவாரம் பெரும்பாலும் அடைந்திருந்தது. பழைய டர்போவும் புதிய டர்போவும் கெட்டதற்குக் காரணம் அந்தக் குழாய்தான். அதை முதலில் பார்த்திருந்தால் ஒரு டர்போவின் விலை மிஞ்சியிருக்கும்.

டர்போவுக்கும் ஆயிலுக்கும் என்ன உறவு?

இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்போவின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் குறைந்தாலும், அழுக்கானாலும், வருவதற்குத் தாமதமானாலும் முதலில் அடிபடுவது டர்போதான். டர்போ கெட்டால் "ஏன் கெட்டது?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் புதியதைப் போடக் கூடாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுப்பாவது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அளவு தானாக ஏறி டீசல் வாடை அடித்தால், டீசல் ஆயிலில் இறங்குகிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆயில் குறைகிறதா என்பதை ஊகத்தில் சொல்லாமல் கணக்கு வையுங்கள். மேல் கோடு வரை ஊற்றி, கிலோமீட்டரைக் குறியுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்த்து, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. அதிக ஆயிலும் புகையைக் கிளப்பும்.

புகை சொல்லும் செய்தி

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து அடங்கினால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். லோடு ஏற்றி இழுக்கும்போது விடாமல் வந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இந்த மூடிச் சோதனையை மெக்கானிக்கே செய்யட்டும். நெடுநேரம் ஸ்லோவில் நின்று பிறகு ரேஸ் கொடுக்கும்போது நீலப் புகை குப்பென்று வந்தால் டர்போ பக்கமும் பார்க்க வேண்டும்.

கறும்புகையும் பிக்கப் குறைவும் சேர்ந்து வந்தால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு, கிளாம்ப் தளர்வு ஆகியவற்றை முதலில் பாருங்கள். "உஸ்" என்ற சத்தம் பெரும்பாலும் ஹோஸ் கசிவுதான். சைரன் போன்ற ஊளைச் சத்தம் வந்தால் டர்போவையே சோதிக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

காற்றுக் குழாயின் உள்ளே லேசாக ஆயில் ஈரம் இருப்பது பழைய வண்டியில் சகஜம். அதை மட்டும் காட்டி டர்போவை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு தண்டை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, சக்கரத்தின் இறகு கூட்டில் உரசியிருந்தாலோ டர்போ கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

டர்போவில் குறை இல்லாமலும் அதன் வழியே ஆயில் கசியும். ஆயில் சம்புக்குத் திரும்பும் குழாய் அடைத்திருந்தாலோ, இன்ஜினின் மூச்சுக் குழாய் அடைத்திருந்தாலோ அப்படி நடக்கும். ஆகவே ஆயில் வரும் குழாய், திரும்பும் குழாய், மூச்சுக் குழாய் மூன்றையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். புதிய டர்போ போட்டே ஆக வேண்டும் என்றால், அதோடு ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற வேண்டும். ஆயில் வரும் குழாயைப் புதிதாகப் போடுவது நல்லது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவில் ஆயில் ஊற்ற வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானது

டர்போ அதிகமாக ஆயில் விட்டால், இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடத் தொடங்கும். ரேஸ் தானாக ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியானால் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி, உயர்ந்த கியரைப் போட்டு கிளட்சை விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிடும். அது முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கி விலகி நில்லுங்கள். காற்று இழுக்கும் வாயில் கையையோ துணியையோ வைக்காதீர்கள். ஓடும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலும் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "பட்டறை பக்கத்தில்தானே" என்று ஓட்டிப் போகக் கூடாது.

செலவில்லாத பழக்கங்கள்

ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் ரேஸ் கொடுக்காதீர்கள். நெடுந்தூரம் ஓட்டி வந்தால் ஓரிரு நிமிடம் ஸ்லோவில் விட்டு அணையுங்கள். சூட்டோடு அணைத்தால் டர்போவில் நிற்கும் ஆயில் கரியாகும். நம் வண்டியின் குழாயில் கண்ட கரியும் அப்படிச் சேர்ந்ததுதான். வண்டிப் புத்தகத்தில் சொன்ன தர ஆயிலையே, சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள்.

ஒரு சிறு நோட்டை வண்டியிலேயே வைத்து, ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு, புகை எப்போது வந்தது என்று எழுதிவாருங்கள். வண்டியை ஓட்டுபவர் மகனோ கூலி ஓட்டுநரோ ஆனாலும் அவரும் அதில் எழுதட்டும். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நல்ல மெக்கானிக் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார்.