91 புள்ளிகள் பின்னால்... ஆனாலும் சாம்பியன்! மோட்டோ ஜிபி-யில் துரத்திப் பிடிப்பது எப்படி?

2022 ஜூன் 19. ஜெர்மனியின் ஸாக்ஸன்ரிங் டிராக். போல் பொசிஷனில் இருந்து, அதாவது எல்லோருக்கும் முன்னால் நின்று ரேஸைத் தொடங்கினார் இத்தாலியைச் சேர்ந்த டுகாட்டி ரைடர் பிரான்செஸ்கோ பன்யாயா. நாலு லேப்கூட ஒழுங்காக முடியவில்லை. முதல் வளைவில் பின் சக்கரம் வழுக்க, பைக்கோடு சரளைக் கற்களுக்குள் போய் விழுந்தார். எழுந்து நின்றவருக்கு எப்படி விழுந்தோம் என்பதே புரியவில்லை.

அந்த ரேஸை ஜெயித்தவர் யமஹாவின் ஃபேபியோ குவார்ட்டராரோ. பிரான்ஸ்காரர், முந்தைய ஆண்டின் சாம்பியன். அன்று மாலை பாயின்ட்ஸ் டேபிள் இப்படி இருந்தது: குவார்ட்டராரோ 172, பன்யாயா 81. வித்தியாசம் 91. பன்யாயா இருந்தது ஆறாவது இடத்தில். சீசனில் மொத்தம் 20 ரேஸ். அதில் பாதி முடிந்துவிட்டது.

'இந்த வருஷம் அவ்வளவுதான்' என்று பலரும் பன்யாயாவின் பெயரை அடித்துவிட்டார்கள். அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. ஏனென்றால், கணக்கு அப்படி.

ஜெயித்தால் மட்டும் போதாது!

மோட்டோ ஜிபி-யில் ஞாயிற்றுக்கிழமை ரேஸை ஜெயிப்பவருக்கு 25 புள்ளிகள். இரண்டாம் இடத்துக்கு 20, மூன்றாவதுக்கு 16, நான்காவதுக்கு 13, ஐந்தாவதுக்கு 11. ஆறாவதுக்கு 10 என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் குறைந்து, 15-வது இடத்துக்கு 1. அதற்குப் பின்னால் வந்தாலும், கீழே விழுந்தாலும் ஜீரோதான்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையில் இருப்பது வெறும் 5 புள்ளிகள். மீதமிருந்த பத்து ரேஸையும் பன்யாயா ஜெயித்து, பத்திலும் குவார்ட்டராரோ இரண்டாவதாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 50 புள்ளிகள்தான் குறைந்திருக்கும். பத்துக்குப் பத்து ஜெயித்தும் 41 புள்ளிகளில் தோற்றிருப்பார்!

ஆக, பின்தங்கிய ஒருவர் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அது பாதிக் கிணறுதான். மீதிப் பாதியை முன்னால் இருப்பவர்தான் தாண்டிக்கொடுக்க வேண்டும். அவர் விழ வேண்டும். இல்லையென்றால், இருவருக்கும் நடுவில் நாலைந்து பேர் வந்து புகுந்துகொள்ள வேண்டும். ஐ.பி.எல்-லில் கடைசி வாரம் நம் டீம் ஜெயித்தும், அடுத்த டீம் தோற்குமா என்று கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்போமே... கிட்டத்தட்ட அந்த நிலைமை.

ஒரே வாரத்தில் திரும்பிய காற்று

அடுத்த ஞாயிறே, ஜூன் 26. நெதர்லாந்தின் அஸ்ஸென். பன்யாயா முன்னால் போய்க்கொண்டிருக்க, பின்னால் குவார்ட்டராரோ ஏப்ரிலியா ரைடர் அலெய்ஷ் எஸ்பர்காரோவை முந்தப் பார்த்தார். முடியவில்லை. தானும் விழுந்து, எஸ்பர்காரோவையும் டிராக்கை விட்டு வெளியே தள்ளினார். எழுந்து மறுபடி ஓட்டி, மறுபடியும் விழுந்தார். அந்த சீசனில் அவருக்கு முதல் ஜீரோ. பன்யாயாவுக்கு 25. வித்தியாசம் 66.

தள்ளிவிடப்பட்ட எஸ்பர்காரோ என்ன ஆனார் தெரியுமா? எங்கோ பின்னால் போனவர், ஒவ்வொருவராக முந்திக்கொண்டு வந்து நான்காவதாக முடித்தார். அந்த ரேஸின் நிஜ ஹீரோ அவர்தான் என்று சொல்கிற ரசிகர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஜூலையில் கோடை விடுமுறை. இங்கே பன்யாயா தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஆப்பு ஒன்று உண்டு. இபிஸா தீவில் ஒரு பார்ட்டி முடிந்து காரில் திரும்பும்போது விபத்து. மற்றவர்களுக்கு அடிபடவில்லை. ஆனால் சோதித்ததில், அனுமதித்த அளவுக்கு மேல் குடித்திருந்தது தெரியவந்தது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சாம்பியன் ஆகப்போகிறவரின் கதையில் எதிர்பார்க்கிற காட்சி இல்லைதான்.

விடுமுறை முடிந்து வந்தவர் வேறு ஆளாக இருந்தார். சில்வர்ஸ்டோனில் வெற்றி. ஆஸ்திரியாவில் வெற்றி. சொந்த நாட்டில், மிஸானோவில் 0.034 விநாடி வித்தியாசத்தில் வெற்றி. அஸ்ஸெனையும் சேர்த்தால் தொடர்ந்து நான்கு. வித்தியாசம் 91-லிருந்து 30-க்கு இறங்கியிருந்தது.

இதில் சில்வர்ஸ்டோனைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அஸ்ஸென் மோதலுக்கான தண்டனையாக, குவார்ட்டராரோ அங்கே ஒரு 'லாங் லேப்' சுற்றியாக வேண்டும். அதாவது டிராக்கின் ஓர் இடத்தில், குறித்துவைத்த நீளமான பாதையில் சுற்றிக்கொண்டு வருவது. சில விநாடிகள்தான் போகும். ஆனால் அந்தச் சில விநாடிக்குள் நாலு பேர் முந்திவிடுவார்கள். அவர் எட்டாவதாகத்தான் முடிக்க முடிந்தது. விழாமலேயே ஒரே நாளில் 17 புள்ளிகள் போச்சு! நடுவில் ஆள் புகுவது என்பது இதுதான்.

அப்படிப் புகுவதற்கு டுகாட்டியிடம் ஆள் நிறையவே இருந்தார்கள். 2022-ல் களத்தில் ஓடிய டுகாட்டி பைக்குகள் எட்டு. யமஹாவில் குவார்ட்டராரோவை விட்டால் முன்வரிசைக்கு வர ஆளில்லை. அவருடைய பைக் வளைவில் கில்லாடி, நேர்ப்பாதையில் சோப்ளாங்கி. நேர்ப்பாதையில் விட்டதை வளைவில் பிடிக்க வேண்டும் என்றால், பிரேக்கை மற்றவர்களைவிட தாமதமாகப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு நொடித் துணிச்சல்தான் பல தடவை விழவைக்கும். குவார்ட்டராரோவின் சரிவை வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்வது அவருக்குச் செய்கிற அநியாயம்.

ஒரு புள்ளிக்காக எட்டுப் புள்ளி

செப்டம்பர் 18, ஸ்பெயினின் அரகான். முதல் லேப்பிலேயே மார்க் மார்க்வெஸின் பைக்கில் மோதி குவார்ட்டராரோ விழுந்தார். பன்யாயாவுக்கு வெற்றி கைக்கெட்டும் தூரம். கடைசி லேப்பில் அவரை முந்தி ஜெயித்தது யார்? இன்னொரு டுகாட்டியில் வந்த எனேயா பாஸ்டியானினி! டுகாட்டி ரைடர்கள் எல்லோரும் பன்யாயாவுக்கு வழிவிட்டார்கள் என்று பேசுபவர்கள், இந்த ரேஸை வசதியாக மறந்துவிடுகிறார்கள். வித்தியாசம் 10.

அடுத்தது ஜப்பானின் மொடேகி. கடைசி லேப். எட்டாவது இடத்தில் குவார்ட்டராரோ, அவருக்கு நேர் பின்னால் ஒன்பதாவதாகப் பன்யாயா. அப்படியே போயிருந்தால் இழப்பு ஒரே ஒரு புள்ளி. பன்யாயாவால் சும்மா இருக்க முடியவில்லை. உள்பக்கமாக முந்தப் பார்த்து, விழுந்தார். ஜீரோ. 10 மறுபடி 18 ஆனது. துரத்துபவரின் வியாதி இது. பொறுமை வேண்டிய இடத்திலும் வேகம்தான் வரும்.

ஆனால், மழையில் நனைந்த தாய்லாந்து ரேஸ் அவரைக் காப்பாற்றியது. பன்யாயா மூன்றாவது, குவார்ட்டராரோ 17-வது. வித்தியாசம் 2. ஆஸ்திரேலியாவில் குவார்ட்டராரோ மறுபடியும் விழ, பன்யாயா முதல் முறையாக டேபிளின் உச்சிக்குப் போனார். 91 பின்னால் இருந்தவர் 14 முன்னால்!

அப்போதும் குவார்ட்டராரோ விடவில்லை. மலேசியாவின் செபாங்கில், உடைந்த இடது கை விரலோடு ஓட்டி மூன்றாவதாக வந்து போட்டியைக் கடைசி ரேஸ்வரை இழுத்துக்கொண்டு போனார். வாலென்சியாவில் அவர் ஜெயிக்க வேண்டும். பன்யாயா 14-வது இடத்துக்குள்கூட வரக் கூடாது. ஆரம்பத்திலேயே இருவரும் உரசியதில், பன்யாயாவின் டுகாட்டியில் முன்பக்க இறக்கை ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. பைக் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தட்டுத் தடுமாறி ஒன்பதாவதாக வந்தார். அது போதுமாக இருந்தது. 265-க்கு 248.

கடைசிப் பத்து ரேஸில் பன்யாயா எடுத்தது 184 புள்ளிகள், குவார்ட்டராரோ 76. அதைவிட சுவாரஸ்யம் ஜீரோக்களின் கணக்கு. முதல் பத்து ரேஸில் பன்யாயாவுக்கு நான்கு ஜீரோ, குவார்ட்டராரோவுக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த பத்தில் குவார்ட்டராரோவுக்கு நான்கு, பன்யாயாவுக்கு ஒன்று.

டுகாட்டிக்கு 2007-ல் கேஸி ஸ்டோனருக்குப் பிறகு கிடைத்த முதல் ரைடர் பட்டம் அது. இத்தாலிய பைக்கில் இத்தாலியர் ஒருவர் உச்சப் பிரிவை ஜெயித்தது, 1972-ல் ஜியாகோமோ அகோஸ்டினிக்குப் பிறகு அப்போதுதான்.

0.002 விநாடியில் போன பட்டம்

துரத்தியவர்கள் எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. பன்யாயாவின் குருநாதர் வேலன்டினோ ரோஸியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2006. தொடர்ந்து ஐந்து பட்டங்கள் ஜெயித்திருந்த ரோஸி, ஆறு ரேஸ் மிச்சமிருந்தபோது ஹோண்டாவின் நிக்கி ஹேடனைவிட 51 புள்ளிகள் பின்னால் இருந்தார். அங்கிருந்து துரத்தினார். போர்ச்சுகலின் எஸ்டோரிலில் ஹேடனை இடித்துக் கீழே தள்ளியது யார் தெரியுமா? அவருடைய சொந்த டீம்மேட் டேனி பெட்ரோசா! கடைசி ரேஸுக்கு வரும்போது ரோஸி 8 புள்ளிகள் முன்னிலை. கிட்டத்தட்ட முடிந்த கதை.

வாலென்சியாவில் ரோஸிக்குத்தான் போல் பொசிஷன். தொடக்கம் சொதப்பியது. பின்னால் போனவர், அவசரத்தில் ஐந்தாவது லேப்பில் விழுந்தார். எழுந்து ஓட்டி 13-வதாக வந்தார். மூன்றே புள்ளிகள். மூன்றாவதாக வந்த ஹேடனுக்கு 16. பட்டம் ஹேடனுக்கு, 252-க்கு 247.

எஸ்டோரிலுக்குத் திரும்பிப் போனால்தான் இந்தக் கதையின் வலி புரியும். அங்கே ரோஸியை 0.002 விநாடியில் முந்தி ஜெயித்தவர் டோனி எலியாஸ். அந்த இரண்டு மில்லி விநாடி மாறியிருந்தால் ரோஸிக்குக் கூடுதலாக 5 புள்ளிகள். இருவரும் 252-ல் சமம். சமமானால் அதிக ரேஸ் ஜெயித்தவருக்குப் பட்டம். ரோஸி அந்த வருடம் ஜெயித்தது ஐந்து, ஹேடன் இரண்டு. அந்த இரண்டை வைத்தே சாம்பியன் ஆனார் ஹேடன். அவருக்குக் கிடைத்த ஒரே மோட்டோ ஜிபி பட்டம் அது. 2017-ல் இத்தாலியில் நடந்த சைக்கிள் விபத்தில் 35 வயதில் இறந்துபோனார்.

சனிக்கிழமை வந்த பிறகு...

2023-லிருந்து கணக்கு மாறிவிட்டது. சனிக்கிழமைகளில் பாதித் தூர 'ஸ்பிரின்ட்' ரேஸ் வந்தது. அதில் முதல் இடத்துக்கு 12 புள்ளிகள், இரண்டாவதுக்கு 9. ஒரு வார இறுதியில் அதிகபட்சம் 37. துரத்துபவருக்கு வாய்ப்பும் கூடியது, வழுக்கி விழுவதற்கான இடமும் இரண்டு மடங்கானது.

நம் ஊரிலேயே அதைப் பார்த்தோம். 2023 செப்டம்பரில் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் நடந்த இந்தியன் ஜிபி-க்கு வரும்போது, பன்யாயா 36 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். துரத்தியவர் ஸ்பெயினின் ஹோர்ஹே மார்ட்டின். சனிக்கிழமை மார்ட்டின் ஜெயித்தார். ஞாயிற்றுக்கிழமை பன்யாயா விழுந்தார். இரண்டே நாளில் 36 வெறும் 13 ஆனது. இந்தோனேசியாவின் சனிக்கிழமை ரேஸோடு மார்ட்டின் முதலிடத்துக்கே வந்துவிட்டார். அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மறுநாள் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தவர் விழ, 13-வது இடத்தில் தொடங்கிய பன்யாயா ஜெயித்தார்.

2024-ல் அதே இருவர், இடம் மட்டும் மாறியது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ்களில் பன்யாயா ஜெயித்தது 11, மார்ட்டின் 3. ஆனால் பன்யாயா அடிக்கடி விழுந்தார். மார்ட்டினோ முடிந்தபோது ஜெயித்தார், முடியாதபோது இரண்டாவது, மூன்றாவது என்று எடுத்துக்கொண்டு போனார். கடைசி வாரம் பார்சிலோனாவுக்கு 24 புள்ளிகள் பின்னால் வந்த பன்யாயா, தன்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார். சனிக்கிழமை வெற்றி, ஞாயிற்றுக்கிழமை வெற்றி. முன்னால் இருந்தவர் விழவில்லை. இரண்டு நாளும் மூன்றாவதாக வந்து, 10 புள்ளிகளில் சாம்பியன் ஆனார் மார்ட்டின்.

சரி, எப்போது 'இனி முடியாது' என்று சொல்லலாம்? மிச்சமிருக்கும் வாரங்களை 37-ஆல் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிட அதிகமானால் கதை முடிந்தது. 2025 செப்டம்பர் 28, அதே மொடேகியில் அதுதான் நடந்தது. ஐந்து வாரங்கள் மிச்சம், அதாவது 185 புள்ளிகள். தம்பி அலெக்ஸைவிட மார்க் மார்க்வெஸ் 201 புள்ளிகள் முன்னால் போய்விட்டார். 2019-க்குப் பிறகு, கையில் நான்கு ஆபரேஷன்களைத் தாண்டி வந்த பட்டம் அது.

இரண்டாவதாக வந்தே அன்று சாம்பியன் ஆனார் மார்க்வெஸ். அந்த ரேஸை ஜெயித்தவர், அவருடைய டீம்மேட் பன்யாயா!