அன்றாடப் பொருள் விடுகதைகளில் முரண்: பலா முதல் நகம் வரை

முன்னுரை

தமிழ் வாய்மொழி வழக்காறுகளுள் இலக்கண நூலிலேயே இடம்பெற்ற தொன்மையுடையது விடுகதை. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என எழுவகை நிலங்களை வகுக்கிறார். அவற்றுள் பிசி என்பதே இன்றைய விடுகதை. உவமையால் அமைவது, கூறப்படுவதன் துணிவால் அமைவது எனப் பிசியை அவர் இருவகைப்படுத்துகிறார். யானையைப் பிறையைக் கவ்விக்கொண்டு நடக்கும் மலையாகக் காட்டும் பழைய உரை எடுத்துக்காட்டு முதல்வகைக்கு உரியது. விடுகதைத் தொகுப்புகள் பலவும் விடையின் அடிப்படையில் உடலுறுப்பு, தாவரம், வீட்டுப்பொருள் எனப் பகுக்கின்றன. இப்பகுப்பு விடுகதையின் இயக்கத்தை விளக்கப் போதுமானதா என்பதை அன்றாடப் பொருள்கள் குறித்த விடுகதைகளின்வழி, சிறப்பாக நகம் பற்றியவற்றின்வழி, இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் முரணும்

1963இல் இராபர்ட் ஜார்ஜசும் ஆலன் டண்டிசும் விடுகதைகளை அமைப்பு நோக்கில் முரணற்றவை, முரணுடையவை எனப் பிரித்தனர். முரணுடையவற்றை எதிர்நிலை முரண், இன்மை முரண், காரண முரண் என மூவகையாக்கினர். ஒரு பொருளுக்கு இயல்பாக இருக்கவேண்டியதை மறுப்பது இன்மை முரண். ஒரு செயலுக்கு எதிர்பார்க்கப்படும் விளைவை மறுப்பது காரண முரண்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டாரத்தின் செம்மண் நிலங்களில் பலா, நிலக்கடலை, முந்திரி ஆகியவை விளைகின்றன. இம்மூன்றும் தமிழ் விடுகதைகளில் விடையாக வருபவை. நிலக்கடலை மண்ணுக்கு மேலே பூத்து மண்ணுக்குள்ளே காய்க்கிறது. பூத்த இடத்திலேயே காய்க்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கு மறுக்கப்படுகிறது. முந்திரியின் கொட்டை பழத்திற்கு வெளியே தொங்குகிறது. விதையைப் பழம் பொதிந்திருக்கும் என்ற இயல்பு இங்கு இல்லை. பலா புறத்தே முள்ளாகவும் அகத்தே இனிய சுளையாகவும் உள்ளது. இவ்விடுகதைகள் முரணைக் கற்பிக்கவில்லை. பொருளிடத்தே உள்ள முரணைக் கண்டு சொல்கின்றன. எனவே அப்பொருளைக் கண்டு பழகியவரே விடையை எளிதில் அடைகின்றனர். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இப்பகுதியின் பலா மரங்களையும் தென்னைகளையும் பெருமளவில் சாய்த்தது. ஏற்றமும் உரலும் புழக்கத்திலிருந்து விலகியதைப் போலவே, மரத்தின் இழப்பும் அதனை விடையாகக் கொண்ட விடுகதையின் புரிதலைத் தொடுகிறது.

நகம்: ஈர்விடைச் சிக்கல்

நகமோ எவரிடமும் உள்ளது, நிலமாற்றத்தால் மறையாதது. எனினும் அதன் விடுகதை வேறொரு சிக்கலை உடையது. வெட்ட வெட்ட வளர்வது எது என்ற வினாவுக்கு நகம், முடி என இரு விடைகள் வழங்குகின்றன. வெட்டினால் வலிக்காது, குருதி வராது என்று சேர்த்துக் கூறினும் சிக்கல் தீர்வதில்லை. நகத்தகடும் மயிரிழையும் கெரட்டின் என்னும் ஒரே வகைப் புரதத்தாலானவை. இரண்டிலும் நரம்போ குருதிக்குழாயோ இல்லை. ஆகவே காரண முரண் இரண்டிற்கும் சமமாகப் பொருந்துகிறது.

வாய்மொழிச் சூழலில் சொல்பவர் இதனை எளிதில் கடக்கலாம். கேட்பவர் முடி என்று விடை கூறினால், எண்ணினால் இருபது என்றோ விரல்நுனியில் இருப்பது என்றோ மேலும் ஒரு குறிப்பைத் தரலாம். எண்ணிக்கையும் இடமும் முரணற்ற குறிப்புகளே. ஆனால் விடையை உறுதிசெய்பவை அவையே. முரண் கேட்பவரைத் திகைக்கச் செய்கிறது. முரணற்ற கூறு விடையைச் சுட்டுகிறது. அச்சுத் தொகுப்பில் ஒற்றை வரியும் ஒற்றை விடையும் மட்டும் எஞ்சும்போது இந்த உரையாடல் இயல்பு மறைகிறது. மற்றொரு சரியான விடை தவறாகக் கருதப்படுகிறது.

பிசியும் முதுசொல்லும்

நகத்தைப் பற்றிய வழக்காறு விடுகதையோடு முடிவதில்லை. பிரிக்கவியலாத உறவை ‘நகமும் சதையும் போல’ என்பது மக்கள் வழக்கு. விடுகதை நகத்தை வலியின்றி வெட்டி எறியத்தக்கதாகக் காட்ட, இவ்வழக்கு அதனைச் சதையோடு ஒன்றியதாகக் காட்டுகிறது. இரண்டும் உண்மையே. விடுகதை நகத்தின் நுனியை நோக்குகிறது. உவமை வழக்கு நரம்பும் குருதியும் உடைய நகக்கண்ணை நோக்குகிறது. உடலுக்கும் உடலல்லாததற்கும் இடைப்பட்ட பொருளாக நகம் இருப்பதே இவ்விரு பார்வைக்கும் காரணம். விளக்கு வைத்தபின் நகம் வெட்டலாகாது, வெட்டிய நகத்தை வீட்டினுள் போடலாகாது என்னும் விலக்குகளையும் இவ்விடைநிலையோடு பொருத்திக் காணலாம். விடையை மட்டும் கொண்டு ‘உடலுறுப்பு’ எனப் பகுக்கும்போது இத்தொடர்பு புலப்படுவதில்லை.

முடிவுரை

நிலக்கடலையும் நகமும் பொருளால் வேறு. எனினும் அவற்றின் விடுகதைகள் காரண முரணால் ஓரினம். நகமும் முடியும் ஒரே வினாவுக்கு விடையாயினும் துணைக்குறிப்பால் வேறாகின்றன. ஆதலின் விடைவழிப் பகுப்போடு முரண்வழிப் பகுப்பும் தேவை. களத்தில் விடுகதை திரட்டுவோர் ஏற்கப்பட்ட விடையை மட்டுமன்றி, மறுக்கப்பட்ட விடைகளையும் அவற்றை மறுக்கச் சொல்பவர் சேர்த்த குறிப்புகளையும் பதிவுசெய்தல் வேண்டும். விடுகதை என்பது வினாவும் விடையும் மட்டுமன்று. அவற்றிடையே இருவர் நிகழ்த்தும் உரையாடலும் ஆகும்.