பவுலின் பட்டறை

கொரிந்து பட்டணத்துக்குப் பவுல் வந்து சேர்ந்தபோது, அவருக்குச் சம்பளம் தர அங்கே ஒரு சபை இல்லை. கிபி 49 வாக்கில் கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியை விட்டு வெளியேற்றியதால், ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியும் அங்கே பிழைக்க வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் செய்தார் பவுல். மூவருக்கும் அதுவே தொழில். அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் இதை மூன்றே வசனங்களில் சொல்லி முடிக்கிறது. நம் பிரசங்கங்களும் அதே வேகத்தில் தாண்டிப் போய்விடுகின்றன. நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் ஒரு லேப்டாப்பை நம்பி டிசைனிங், மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங் என்று தனியாகத் தொழில் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டறையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பேன்.

கொரிந்து தொழிலுக்கு ஏற்ற ஊர். இரண்டு துறைமுகங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்திலேயே இஸ்த்மிய விளையாட்டுப் போட்டிகள். வந்து குவிகிற கூட்டத்துக்கு நிழல் வேண்டும். அங்கே பவுல் ஒன்றரை ஆண்டு இருந்தார். அந்தக் காலத்தில் போதிக்கிறவர் வயிறு வளர்க்க நான்கு வழிகள் இருந்தன என்று ரொனால்டு ஹாக் என்ற அறிஞர் 1980இல் வெளிவந்த தம் நூலில் விளக்குகிறார்: கட்டணம் வாங்கலாம், செல்வந்தர் வீட்டில் ஒண்டிக்கொள்ளலாம், பிச்சை எடுக்கலாம், கையால் உழைக்கலாம். நான்காவது வழி கௌரவக் குறைச்சலாகப் பார்க்கப்பட்டது. பவுல் அதைத்தான் எடுத்துக்கொண்டார். பிலிப்பி சபையார் அனுப்பிய உதவியை மறுக்காதவர், கொரிந்து சபையிடம் கை நீட்டவில்லை.

அந்தக் கௌரவக் குறைச்சல் இன்றும் நம்மிடையே இருக்கிறது. சபையில் சாட்சி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். அரசாங்க வேலைக்கு ஸ்தோத்திரம், வளைகுடா விசாவுக்கு ஸ்தோத்திரம், பேங்க் பரீட்சை பாஸானதற்கு ஸ்தோத்திரம். “முதல் க்ளையன்ட் கிடைத்தார்” என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவனை “சும்மா இருக்கான், ஜெபம் பண்ணுங்க ஐயா” என்று அம்மாவே ஆயரிடம் சொல்கிறார். அவனோ ராத்திரி இரண்டு மணி வரை கண் விழித்து உழைத்திருப்பான்.

சும்மா இருப்பதாக எண்ணுவதால்தான் சும்மா வேலை வாங்குவதும் எளிதாகிறது. கன்வென்ஷன் போஸ்டர், அசன விழா பேனர், உபவாச ஜெபத்துக்கு ஒரு வீடியோ, வாலிபர் முகாமுக்கு லோகோ. “கர்த்தருடைய வேலைதானே தம்பி, ஆசீர்வாதமா இருப்பீங்க.” பந்தல்காரருக்குப் பணம் உண்டு, மைக் செட்டுக்கு உண்டு, பிரியாணி மாஸ்டருக்கு அட்வான்ஸே உண்டு. போஸ்டர் செய்தவனுக்கு மட்டும் ஆசீர்வாதம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்குப் பவுலைத் துணைக்கு அழைப்பவர்கள், கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தை முழுதாகப் படிக்க வேண்டும். போர்ச்சேவகன், திராட்சத்தோட்டம் வைத்தவன், மந்தை மேய்ப்பவன், போரடிக்கிற மாடு என்று வரிசையாக எடுத்துக்காட்டி, உழைத்தவனுக்குக் கூலி உரிமை என்பதை முதலில் நிலைநாட்டுகிறார். அதற்குப் பிறகுதான் தமக்குரியதைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். விட்டுக்கொடுத்தது அவர், விட்டுக்கொடுக்கும்படி கொரிந்தியர் அவரிடம் கேட்கவில்லை. உழைத்த பிள்ளை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு “இது என் காணிக்கை” என்று சொன்னால் அது காணிக்கை. விலை என்ன என்று கேட்காமலே சபை எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும். கமிட்டியார் வரவுசெலவுத் திட்டத்தில் டிசைனுக்கு என்று ஒரு வரி எழுதினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தொடங்குகிறவனின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பயம். வருகிற க்ளையன்ட் போய்விடுவாரோ என்று பாதி விலைக்கு ஒத்துக்கொள்வது, முடியாத தேதியை முடியும் என்று சொல்வது, “இன்னும் ஒரு சின்ன கரெக்ஷன்” பத்தாவது முறை வந்தாலும் தலையாட்டுவது. அதைப் பணிவு என்றும் சாந்தம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். நாளையைப் பற்றிய பயம்தான் அது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருக்கச் சொன்ன மலைப் பிரசங்கம் கொட்டேஷனுக்கும் பொருந்தும். இரண்டு திருத்தம் இந்த விலைக்குள், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம், பாதிப் பணம் முன்னால் என்று எழுதிக்கொடுப்பது அவிசுவாசம் ஆகாது. பின்னால் இரு தரப்பும் பொய் பேசாமல் காப்பாற்றுகிற எழுத்து அது. மூன்று நாளில் சர்க்கரை நோய் போகும் என்கிற எண்ணெய் விளம்பரமும் சூதாட்ட ஆப் விளம்பரமும் வரும்போது இல்லை என்று சொல்லவும் அதே தைரியம் வேண்டும். கையில் நாலு மாசச் செலவுக்குப் பணம் இருந்தால் அந்த ‘இல்லை’ சுலபமாக வரும். அதனால் சேமிப்பையும் விசுவாசத்தின் கணக்கிலேயே வைக்கிறேன். பஞ்சத்துக்கு முன் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னவர் யோசேப்பு.

தசமபாகம் எப்படிக் கொடுப்பது என்று பலரும் கேட்கிறார்கள். மாசச் சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி கவர் போட்டால் முடிந்தது. இங்கே ஒரு மாசம் நாற்பதாயிரம் வரும், அடுத்த மாசம் ஒன்றும் வராது. இதற்கும் வழி கொரிந்தியருக்கு எழுதிய அதே நிருபத்தில், 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமின் ஏழைகளுக்கான சகாயத்தை, வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி வீட்டிலேயே சேர்த்துவைக்கச் சொல்கிறார் பவுல். நிலையான தொகையைப் பற்றிப் பேச்சில்லை. பணம் ஜிபேயில் விழுந்த அன்றே காணிக்கைக்கும் வரிக்கும் சேமிப்புக்கும் பிரித்து வைத்துவிட்டால், வராத மாசத்தில் குற்றவுணர்வும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கஷ்டமான விஷயம். வெளிநாட்டு க்ளையன்ட்டின் வெள்ளி மாலை, நமக்குச் சனி விடியற்காலை. திங்கள் வேண்டும் என்று கேட்டால் ஞாயிறு போயிற்று. ஆராதனைக்குப் போய்ப் பெஞ்சுக்கு அடியில் போனில் பதில் அனுப்புகிறவர்களைப் பார்க்கிறேன். வனாந்தரத்தில் ஏழாம் நாள் மன்னா பொறுக்கப் போனவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆறாம் நாளே இரண்டு பங்கு கிடைத்திருந்தது. முதல் நாளே “ஞாயிறு நான் வேலை பார்ப்பதில்லை” என்று சொல்லிவிட்டால் பெரும்பாலான க்ளையன்ட்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆறாவது மாசம் சொன்னால்தான் கோபப்படுகிறார்கள்.

முடித்த வேலைக்குப் பணம் வரவில்லை என்றால் ஜெபத்தோடு சட்டத்தையும் பயன்படுத்தலாம். மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் இதைவிடக் கடுமையானது: கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்கிறது. இந்தக் கட்டளை க்ளையன்ட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் படம் வரைய ஒரு தங்கை, சப்டைட்டில் போட ஒரு கல்லூரித் தம்பி என்று நாமும் ஆட்களிடம் வேலை கொடுப்போம். க்ளையன்ட் நமக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அவர்களுக்குரியது அன்று மாலையே போய்ச் சேர வேண்டும்.