ஒரே காமிக்ஸ், நாலு விலை!

கிங்ஸ் சர்க்கிள் பூங்காவை ஒட்டிய நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளைத் தெரியாத மாதுங்கா, தாராவித் தமிழர் அபூர்வம். பாடப் புத்தகம் என்றால் அங்கே பேரம் எளிது. அரை விலை, கால் விலை என்று பேச்சு முடிந்துவிடும். பழைய காமிக்ஸ் என்றால் மட்டும் கணக்கு தடுமாறுகிறது.

ஒரு வீட்டில் பெரியவர் விட்டுச் சென்ற டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு இந்திரஜால் காமிக்ஸ் இருப்பதாக வைத்துக் கொள்வோம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகுமா என்று வீட்டார் விசாரிக்கிறார்கள். இணையத்தில் ஒருவர் ஒரு பிரதிக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்டிருக்கிறார். இன்னொருவர் அதே பிரதிக்கு நூற்றுக்கணக்கில் கேட்கிறார். ரத்திவாலாவோ தராசைத் தூக்குகிறார். யாரை நம்புவது?

வேடிக்கை என்னவென்றால், இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் சொல்லும் 'விலை' வேறு வேறு சங்கதி.

கேட்ட விலையும் விற்ற விலையும்

இந்திரஜால் நம் பம்பாய்ச் சரக்கு. டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் 1964-ல் தொடங்கி 1990 வரை நடத்தியது. வேதாளரும் மாண்ட்ரேக்கும் அதில் உலா வந்தார்கள். இன்று அதற்கு ஒருவர் பத்தாயிரம் கேட்கலாம். கேட்பதற்குக் காசா, பணமா? வாங்க ஆள் வராமல் அந்த விலை மாதக்கணக்கில் அப்படியே தொங்கிக் கொண்டிருக்கும். அதைப் பார்த்து அடுத்தவரும் பத்தாயிரம் போடுவார். இப்படிக் கேட்ட விலைகளைத் திரட்டினால் ஒரு பட்டியல். உண்மையில் கை மாறிய தொகைகளைத் திரட்டினால் இன்னொரு பட்டியல். இரண்டும் ஒத்துப் போகாது.

அமெரிக்காவில் இதற்கென்றே புத்தகம் உண்டு. ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் 1970-ல் தொடங்கிய விலை வழிகாட்டி ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. வியாபாரிகளையும் அனுபவஸ்தர்களையும் கேட்டுத் தொகுக்கும் விலை அது. அச்சாகி வருவதற்குள் சந்தை ஏறியிருக்கும், அல்லது இறங்கியிருக்கும். இணையப் பட்டியல்களோ நேற்றைய ஏலத்தையே சேர்த்துக் கொள்கின்றன. ஆனால் ஏலத்தில் இரண்டு பேர் வீம்புக்கு மோதிக் கொண்டால் அந்தத் தொகையும் பட்டியலில் ஏறிவிடும்!

சூப்பர்மேன் முதலில் தோன்றிய 1938-ம் ஆண்டு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பாருங்கள். அன்று பத்து சென்ட். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் பெற்ற பிரதி 2014-ல் சுமார் 32 லட்சம் டாலருக்குப் போனது. ஆறு மதிப்பெண் மட்டுமே பெற்ற பிரதி 2021-ல் 32.5 லட்சம் டாலர். எட்டரை மதிப்பெண் பிரதி 2024-ல் 60 லட்சம் டாலர். எதை வைத்து விலை எழுதுவது?

இந்த மதிப்பெண்ணும் ஒரு தகராறு. அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் பிரதியைச் சோதித்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தருகிறது. ஓவர்ஸ்ட்ரீட் பட்டியலின் உச்சப் பத்தி 9.2. அதற்கு மேல் 9.8 பெற்ற பிரதி பல மடங்கு போகக்கூடும். அதற்கு அந்தப் பத்தியில் இடமில்லை.

மறுபதிப்புக் குழப்பம்

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். அனந்த் பை 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதையில் 'கிருஷ்ணா' இதழின் எண் 11. பின்னாளில் மறுபதிப்புகளுக்கு 501-லிருந்து புது வரிசை எண் கொடுத்தார்கள். அதே தலைப்பு, வேறு எண்! எந்தப் பதிப்பென்று பார்க்காமல் விலை எழுதினால் முதல் அச்சும் மறு அச்சும் ஒரே தட்டில் விழும்.

தமிழ் காமிக்ஸுக்கு நிலைமை இன்னும் சிரமம். சிவகாசியிலிருந்து 1972-ல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. படித்து முடித்ததும் எடைக்குப் போட்டவை போக எத்தனை பிரதி மிஞ்சியிருக்கும்? வருஷத்துக்கு ஓரிரண்டு கை மாறினால், அந்த ஓரிரு விற்பனையே 'சந்தை விலை' ஆகிவிடுகிறது. லயன் காமிக்ஸ் (1984) பழைய இதழ்களுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

சரி, பட்டியல் விலை அப்படியே கைக்கு வருமா? வராது. வழிகாட்டியில் இருப்பது கடைக்காரர் விற்கும் விலை. அவர் வாங்கும்போது இடவாடகை, முடங்கும் முதல், லாபம் எல்லாம் கழித்துத்தான் கொடுப்பார். பாதிக்கும் குறைவாகச் சொன்னாலும் அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கட்டோடு சேர்த்து மொத்த விலை பேசினால் உஷாராக இருக்க வேண்டும். நல்ல இதழ் நாலு அதற்குள் மறைந்திருக்கும்.

விற்க நினைப்பவர்கள் முதலில் அட்டை, நடுப்பக்கம், பின் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணையும் ஆண்டையும் குறித்துக் கொள்ளலாம். மும்பை மழை ஈரத்தில் பின் துருப்பிடிக்கும். ராமபாணப் பூச்சியும் சும்மா இராது. அதனால் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வைப்பது நல்லது. கிழிந்த அட்டைக்கு மட்டும் தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள். கிழிசலை விட அந்த டேப்தான் விலையை அதிகம் குறைக்கும்.