முழங்கை உயரத்தில் ஒரு காரியாலயம்

வீட்டிலிருந்தபடியே உத்தியோகம் பார்ப்பது 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து ஊரடங்கோடு முளைத்த புதுமை என்று இளைஞர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளியின் வீட்டுக்குள் ஒரு தடவை சென்று வந்தவர்கள் அப்படி எண்ண மாட்டார்கள். அங்கே கூடத்தின் பாதியைத் தறியே அடைத்துக்கொண்டிருக்கும். தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதியின்மேல் பாதங்களை வைத்து, குழியின் விளிம்பிலே அமர்ந்து, கைக்கு இதமான உயரத்தில் பாவு நீண்டு கிடக்க, நெசவாளி நாள் முழுதும் தம் தொழிலைச் செய்துகொண்டிருப்பார். தறியை உயரத் தூக்கி நிறுத்தி அதற்கேற்ப ஓர் ஆசனமும் செய்துகொள்வதை விட்டு, தறியைத் தரையோடு அமைத்துக் காலுக்குப் பள்ளம் பறித்த அந்த யுக்தி யாருக்கு முதலில் தோன்றியதோ, அவருக்கு நாற்காலிக் கடைக்காரர்கள் இன்றைக்குச் சொல்லும் தத்துவம் அனைத்தும் அன்றைக்கே தெரிந்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். வேலை செய்கிறவனுடைய சரீர அளவு முதலில். சாமான்களின் அளவு அதற்குப் பிறகு.

என் தமையனாரின் மகள் குரோம்பேட்டையில் ஓர் அடுக்ககத்தில் பெற்றோருடனும் பாட்டியுடனும் வசிக்கிறாள். ஒரு கம்பெனியின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்த்துக் கொடுக்கும் உத்தியோகம். சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வருஷம் எப்படியோ தள்ளிவிட்டாள். பிறகு பிடரியில் வலி, வலது மணிக்கட்டில் வலி, சாயங்காலமானால் கண்ணெரிச்சல் என்று உபாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பவே, ஒரு கடைக்குப் போய் விசாரித்திருக்கிறாள். நாற்காலி, மேசை, லேப்டாப்பை உயர்த்தி வைக்கும் ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "சித்தப்பா, இது நியாயமா?" என்று கேட்டாள். பணம் கேட்கவில்லை, அபிப்பிராயம்தான் கேட்டாள் என்பதனால் நானும் அதைத் தாராளமாகவே கொடுத்தேன்.

முதல் காரியமாகத் தையல்காரர் உபயோகிக்கும் அங்குல நாடாவை எடுத்துவரச் சொன்னேன். உள்ளங்கால் முழுவதும் தரையில் படியும்படி ஒரு தாழ்ந்த ஸ்டூலில் அவளை உட்காரவைத்து, தோளைத் தளர்த்திக் கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை அளந்தால் 24 அங்குலம் வந்தது. அவள் ஐந்தடி உயரம். நம் பெண்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய அந்த உயரந்தான். சாப்பாட்டு மேசையை அளந்தால் 30 அங்குலம். இந்த ஆறு அங்குல வித்தியாசத்திலேதான் அவளுடைய வலியில் முக்கால் பங்கு ஒளிந்திருந்தது. மேசை உயர்ந்து கை தாழ்ந்திருக்கும்போது, விரல்கள் எழுத்துக்களை எட்டவேண்டுமானால் தோள்கள் இரண்டும் காதை நோக்கி எழும்பியாக வேண்டும். அப்படி எழும்பிய தோளைத் தாங்கிக்கொண்டு பிடரித் தசைகள் எட்டு மணி நேரம் நிற்கவேண்டும். மணிக்கட்டோ மேசை விளிம்பில் அழுந்தி, மேல்நோக்கி மடிந்தபடியே கிடக்கும். இதற்கு எந்தத் தைலத்தைத் தடவி என்ன பிரயோஜனம்?

கடைகளில் கிடைக்கும் மேசைகள் ஏன் எல்லாம் ஒரே மாதிரி 29, 30 அங்குல உயரத்தில் இருக்கின்றன என்று கேட்கலாம். அது பேனா பிடித்து எழுதுகிறவர்களுக்காக, அதிலும் நம்மைவிட நெட்டையான மனிதர்களுக்காக, ஏற்பட்ட அளவு. எழுதுவதற்கு மேசை முழங்கையைவிடச் சற்று உயர்ந்திருப்பதால் பாதகமில்லை. காகிதம் கண்ணுக்கு அருகில் வருகிறது என்பதால் அநுகூலம் என்றே சொல்லலாம். விசைகளைத் தட்டுகிற வேலைக்கு அந்த உயரம் ஆகாது. தட்டெழுத்துப் பொறி புழக்கத்தில் இருந்த காலத்தில் இந்த நுட்பம் தச்சர்களுக்கெல்லாம் அத்துபடி. டைப்ரைட்டிங் மேசையை எழுதும் மேசையைவிடச் சில அங்குலம் தாழ்த்தியே செய்தார்கள். கம்ப்யூட்டர் வந்து பொறி போனபோது, என்ன காரணத்தாலோ, அந்தத் தாழ்ந்த மேசையும் கூடவே போய்விட்டது. உடலுக்கும் உழைப்புக்கும் உள்ள இந்தப் பொருத்தத்தை ஒரு சாஸ்திரமாக ஆராயவேண்டும் என்று போலந்து தேசத்து அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857-இலேயே எழுதி, அதற்கு எர்கோனாமிக்ஸ் என்று நாமகரணமும் செய்துவைத்தார். அந்தப் பெயரை இன்று நாற்காலியின் முதுகில் ஒட்டினால் விலை இரு மடங்காகிறது.

எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சாப்பாட்டு மேசையின் கால்களைத் தச்சரைக்கொண்டு அறுத்துக் குறைக்கலாம் என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே அஸ்தமித்தது. மேசையை அப்படியே விட்டு, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய சுழல் நாற்காலி ஒன்றை வாங்கி, அதை ஐந்தாறு அங்குலம் ஏற்றிக்கொண்டு, தொங்கும் கால்களுக்குக் கீழே ஏதாவது முட்டுக் கொடுக்கலாம் என்பது இரண்டாவது வழி. வேறு மேசைக்கு இடமோ பணமோ இல்லாதவர்கள் இதையே தாராளமாகக் கைக்கொள்ளலாம். செங்கல் ஒன்றின் கனம் மூன்றங்குலம். இரண்டிரண்டாக அடுக்கிய நான்கு செங்கற்களின்மேல் ஒரு பலகையைப் போட்டுவிட்டால் கடையில் விற்கும் எந்தக் கால்தாங்கிக்கும் அது இளைத்ததன்று. காலுக்கு ஆதாரமில்லாமல் நாற்காலியை மாத்திரம் ஏற்றிக்கொள்வதுதான் ஆபத்து. இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்புறத்தை அழுத்த, சிறிது நேரத்துக்கெல்லாம் கால் மரத்துப்போகும்.

மூன்றாவது வழி, தாழ்ந்த மேசையைத் தேடிப் புறப்படுவது. குரோம்பேட்டைக்குப் பக்கத்திலேயே பல்லாவரம் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையைப்பற்றிச் சென்னைவாசிகளுக்கு நான் வர்ணிக்கவேண்டிய அவசியமில்லை. 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழம் பொருள்களைத் தேடி அலைந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பல்லாவரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த ஞாபகம் வந்து மனசு கொஞ்சம் இளகிவிடும், இளகினால் பேரம் கெட்டுவிடும் என்பதனால் பேச்சை அவளிடமே விட்டுவிட்டேன். பூச்செடிகளையும் பழைய துணி துவைக்கும் இயந்திரங்களையும் கடந்து சென்றபோது, மரச்சாமான்களின் நடுவே, குறுகலாகவும் குள்ளமாகவும், ஒரு பக்கத்தில் மாத்திரம் இழுப்பறை வைத்து, கறுப்புச் சாயம் பூசிய ஒரு தேக்கு மேசை கிடந்தது. நாடாவை வைத்துப் பார்த்தால் 26 அங்குலம். எங்கேயோ மூடப்பட்ட ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மேசை! இழுப்பறைக்குள் காய்ந்துபோன ரிப்பன் சுருள் ஒன்றுகூட இருந்தது. கடைக்காரருக்கு அது குட்டை மேசை, ஆகவே மட்டமான மேசை. 900 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார்.

நாற்காலியின் விஷயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். செலவழிக்கவேண்டிய இடமும் அதுதான். அலுவலகங்கள் காலி செய்யும்போது கழித்துவிடும் சுழல் நாற்காலிகள் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன. ஏறி உட்கார்ந்து, முழு உயரத்துக்கு ஏற்றி, கடைக்காரரோடு ஐந்து நிமிஷம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும். அதற்குள் நாற்காலி மெள்ளமெள்ளக் கீழே இறங்கினால் அதன் காற்று உருளை பழுதாகிவிட்டது என்று அர்த்தம், எழுந்து வந்துவிடலாம். கீழே ஐந்து கால்கள் இருக்கின்றனவா, சக்கரங்கள் தடையின்றி உருளுகின்றனவா, பின்னால் சாய்ந்தால் முதுகின் கீழ்வளைவு எதிலாவது படிகிறதா என்று பார்க்கவேண்டும். ரெக்ஸின் உறை போட்ட பெரிய முதலாளி நாற்காலி பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். நம் ஊர் உஷ்ணத்தில் அரைமணியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வலை முதுகுதான் நமக்கு உகந்தது. நாங்கள் வாங்கிய வலை நாற்காலி 2,200 ரூபாய். அதில் இடுப்புக்கு ஆதாரம் போதவில்லை என்று தோன்றியபோது, ஒரு பருத்தித் துண்டைச் சுருட்டிக் கீழ்முதுகின் பள்ளத்தில் செருகிக்கொள்ளச் சொன்னேன். விசையின் உயரத்துக்கு முழங்கை வரும்படி இருக்கையை 18 அங்குலத்துக்கு ஏற்றியபின் காலுக்கு இரண்டரை அங்குலம் குறைந்தது. அடுக்களையில் சும்மா கிடந்த மணை அதைச் சரிக்கட்டிவிட்டது.

இனி லேப்டாப்பின் சங்கதி. திரையும் விசைப்பலகையும் ஒரே உடம்பாக ஒட்டிப் பிறந்திருப்பது அதன் பிறவிக் கோளாறு. கைக்குச் சரியாக வைத்தால் திரை தாழ்ந்து கழுத்துக் குனிகிறது. கண்ணுக்குச் சரியாக உயர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கிறது. இரண்டையும் பிரிப்பதொன்றே பரிகாரம். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் 850 ரூபாய்க்கு வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, லேப்டாப்பைத் திரையின் மேல்விளிம்பு ஏறக்குறையக் கண்மட்டத்துக்கு வரும்வரை உயர்த்தினோம். அந்த உயர்வுக்கு உதவியவை, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள். பத்துத் தொகுதிகளில் நான்கு போதுமானவையாக இருந்தன. தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் இதற்காக அவற்றைத் தயாரிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும்; அலமாரியில் பூச்சி அரிப்பதைவிட இது மேல் என்று சமாதானம் செய்துகொண்டேன். திரைக்கும் முகத்துக்கும் நீட்டிய கையின் நீளம் இருக்கட்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிகிற என் போன்றவர்கள் மாத்திரம் திரையைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பாகத்தால் பார்ப்பதற்காக மோவாயைத் தூக்கித் தூக்கி வேறொரு கழுத்துவலியைச் சம்பாதித்துக்கொள்வோம்.

கண்ணெரிச்சலுக்குக் காரணம் வெளிச்சம். அவள் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சன்னலின் பிரகாசம் அப்படியே திரையில் விழுந்து எழுத்தை மறைத்தது. சன்னலை நேரே பார்த்து உட்கார்ந்தாலோ வெளியே உள்ள பிரகாசத்துக்கும் திரையின் மங்கலுக்குமிடையே கண் ஓயாமல் தத்தளிக்கும். பக்கவாட்டில் சன்னல் இருப்பதே உத்தமம். அதிலும் வடக்குச் சன்னல் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள், வருஷத்தில் பெரும்பகுதி வெயில் படாத நிதானமான ஒளி அவர்களுக்கு உண்டு. பெரும்பகுதி என்றுதான் சொல்கிறேன். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை சென்னையின் உச்சிக்கு வடக்கே சூரியன் சஞ்சரிப்பதனால் அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். பழைய வேஷ்டி ஒன்றைத் திரைச்சீலையாகக் கட்டினோம். வெயிலை வடிகட்டி வெண்மையான ஒளியாக மாற்றித் தருவதில் மெல்லிய பருத்திக்கு நிகர் வேறில்லை. இவ்வளவு செய்தாலும், திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண் உலர்ந்துபோவதைத் தடுக்க முடியாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபதடிக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கும்படி கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவளுக்கு அடுத்த வீட்டுத் தென்னைமரம் வாய்த்தது.

மின்சாரத்தைப்பற்றி இரண்டு வார்த்தை. லேப்டாப்புக்குத் தன் பாட்டரி உண்டு; மின்சாரம் போனால் முதலில் மூர்ச்சையடைவது வைஃபை ரூட்டர்தான். அதற்கென்றே மினி யுபிஎஸ் என்று உள்ளங்கையளவில் ஒரு பெட்டி விற்கிறது. 1,300 ரூபாய் கொடுத்தோம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று முற்பகலின் பெரும்பகுதியை அது சமாளித்துவிடுகிறது. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுருசுரு என்று உறுத்துகிறதென்றால் எர்த் இல்லை என்று பொருள். அதை அலட்சியம் செய்யாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவேண்டும். எங்களுக்கு அவர் கூலி 350. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்குமென்றால் பிஎல்டிசி ரகம் 30 வாட்டோடு நின்றுவிடும்; தினம் எட்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்று கணக்கிட்டால் இரண்டு மாதத்துக்கு 31 யூனிட் ஆவது 12½ ஆகக் குறையும். விசிறி கெட்டுப்போனபின் மாற்றும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும், ஓடுகிறதைக் கழற்றவேண்டாம்.

விலைக்கு வாங்க முடியாத வசதி ஒன்று பாக்கியிருந்தது. "ஏம்மா, சும்மாத்தானே உட்கார்ந்திருக்கே, சிலிண்டர்காரன் வந்திருக்கான், கதவைத் திற" என்று என் தாயார் தினமும் ஒரு தடவையாவது குரல் கொடுப்பார்கள். ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தால் அது உத்தியோகம், பெண் செய்தால் சும்மா உட்கார்ந்திருப்பது என்னும் நியாயம் நம் வீடுகளில் இன்னும் செலாவணியில் இருக்கிறது. மயிலாப்பூர் வக்கீல்கள் வீட்டின் முன்னறையையே காரியாலயமாக வைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த அறைக்குள் குமாஸ்தாவும் கட்சிக்காரரும் நுழையலாம், குழந்தைகள் நுழையக்கூடாது என்று வீட்டாருக்குத் தெரியும். குரோம்பேட்டையில் முன்னறை ஏது? காதில் ஹெட்போன் இருக்கும்வரை ஒருவரும் கூப்பிடுவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வாரத்தில் நான்கு நாள் அது அமலில் இருக்கிறது.

நாற்காலி எவ்வளவு உயர்ந்ததானாலும் அதிலேயே ஆணியடித்தாற்போல் இருப்பதற்கு உடம்பு சம்மதிக்காது. பெரிய பாட்டிலை அப்புறப்படுத்திவிட்டு, மேசைமேல் சின்னத் தம்ளர் ஒன்றை வைத்து, தண்ணீர்க் குடத்தை அடுக்களையிலேயே விட்டுவைத்தோம். தாகமெடுக்கும்போதெல்லாம் எழுந்து நடந்தாகவேண்டும்.

மேசையையும் நாற்காலியையும் ஏற்றிவந்த குட்டியானைக்கு 500 ரூபாய். ஆக மொத்தம் 6,100. பிடரிவலி முக்காலும் போய்விட்டது; மணிக்கட்டுக்கு மட்டும் டாக்டர் சில பயிற்சிகள் சொல்லியிருக்கிறார். பல்லாவரத்துக்குப் போக நினைப்பவர்கள் தங்கள் முழங்கை உயரத்தை வீட்டிலேயே அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குமுன் போய்ச் சேரட்டும். நல்ல மரச்சாமான்கள் காலையிலேயே விலையாகிவிடுகின்றன.